கொழுந்து மாடியில் காய்ந்த தோல்

நேற்று நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியபோது மழை. பஸ் போய்விட்டிருந்தது. வாடகைக் கார் ஒன்றின் பின்கதவைத் திறந்து, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தயங்கியபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே அந்தத் தோல் வாடை எழுந்தது. மீனெண்ணெயும் மெழுகும் சேர்த்து நீ காய்ச்சித் தடவுவாயே, அந்த வாடை. இருக்கையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். தையல் மூலைக்கு வரும் இடத்தில் நெருங்கி நெருங்கி வந்து, மூலை தாண்டியதும் மறுபடி அகன்று போயிற்று. அப்படித் தைத்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். அது நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரையின் கார். அவர் சீமைக்குப் போன பிறகு கைமாறிக் கைமாறி அங்கே வந்து நிற்கிறது.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "நல்ல சீட்டுங்க ஐயா. எஞ்சின ரெண்டு தடவ எறக்கியாச்சு, சீட்டுல ஒரு தையலு விடலீங்க" என்றார். தைத்தவன் என் கூட்டாளி என்று சொல்லியிருக்கலாம். "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். நீ போய் ஏழு மாதமாகிறது. எனக்கு அறுபத்துநாலு வயது. யாரோ ஒரு டிரைவர் உன்னைப் புகழ்ந்ததைப் பொறுக்க முடியாமல் மழையைப் பார்த்துக்கொண்டே நுவரெலியா வரை போனேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் முன் பலகை. தோல் தொடும் வீட்டுப் பிள்ளை என்று உன்னைக் கடைசிப் பலகையில் தனியே உட்கார வைத்தார்கள். நான் ஹட்டனுக்குப் போய் இங்கிலீஷ் படித்துத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கரானேன். நீ தொழிற்சாலையில் இயந்திரங்களை ஓட்டும் தோல் பெல்ட்டுகளைத் தைக்கிறவன் ஆனாய். நாலு பேர் முன்னால் என்னைக் கிளாக்கரய்யா என்பாய். தனியே இருந்தால் ஏம்ப்பா என்பாய். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் மேலே, நீ கீழே என்று இருந்த வரையில் உன்மீது எனக்கு உண்மையான அன்பு இருந்தது.

பிறகு துரையின் கார் இருக்கைகள் கிழிந்தன. பனியில் ஊறி, வெயிலில் வெடித்து, அவருடைய நாயின் நகம் பட்டு, ஓட்டுகிற பக்கத்தில் உள்ளிருந்த தேங்காய் நார் வெளியே வந்துவிட்டது. கொழும்புக்கு எழுதிப் புது உறை தைத்து வாங்கும்படி என்னிடம் சொன்னார். நான் இரண்டு நாள் அளந்தேன். ஒவ்வோர் இடத்தையும் மூன்று முறை, மூன்றும் ஒத்துப்போகாத இடத்தை நாலாவது முறையும். பெரிய தாளில் படம் வரைந்து அளவுகளைச் சிவப்பு மையில் குறித்தேன். துரை பார்த்துவிட்டு "குட்" என்றார். என் பதினெட்டு வருட வேலையில் அது இரண்டாவது "குட்".

மறுநாள் காலை நீ பெல்ட்டு வார் கேட்டு ஆபீஸுக்கு வந்தாய். வாசலில் நின்ற காருக்குள் குனிந்து கட்டைவிரலால் இருக்கையை அமுக்கினாய்.

"இதுக்கு எதுக்குங்க கிளாக்கரய்யா கொழும்பு?" என்றாய்.

துரை வராந்தாவில் நின்றிருந்தார். உன்னால் முடியுமா என்று கேட்டார். தோலை மட்டும் கண்டியிலிருந்து தருவித்துக் கொடுத்தால் போதும் என்றாய். அவர் என் படத்தை எடுத்து உன்னிடம் நீட்டினார். நீ அதை மரியாதையாக வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்து, மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாய். துரை போன பிறகு, "நல்லா வரஞ்சிருக்கப்பா. ஆனா பழைய தோலே அளவ சொல்லிரும்" என்றாய். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

நீ சொன்னபடிதான் இருந்தது. பழைய உறையின் தையலைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் பலகையில் விரித்தாய். எந்தத் துண்டு எங்கே இழுபட்டிருக்கிறது என்று பார்த்து, "தொரை எடப்பக்கமா சாஞ்சுதான் ஒக்காருவாரு" என்றாய். துரை அதைக் கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கார் கொட்டகைக்கு வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து நீ தைப்பதைப் பார்த்தார். உன் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார். எனக்குப் பிள்ளைகள் இருப்பதே அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மேற்பார்வை என்று சொல்லிக்கொண்டு வந்து தூணோரம் நின்றேன். உன் கை போகிற வேகத்தில் பார்வை அதிலேயே நிலைத்துவிடும். தப்பு வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஆடி மாத மழை. தோலை ஈரப்படுத்தி இழுத்துத் தைத்து எண்ணெய் தடவிவிட்டாய், காயவில்லை. வெயில் இல்லை. நெருப்பில் காட்டினால் சுருங்கும். உறைகளில் பூஞ்சணம் பூக்கத் தொடங்கியது. சனிக்கிழமை மத்தியானம் நீ ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாய். பெல்ட்டு தைக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைச் சாவி உன்னிடம்தான் இருக்கும்.

"ஏம்ப்பா, நாளைக்கு கொழுந்து கெடையாது. கொழுந்து வாட்டுற மாடில சூடு அப்புடியே நிக்கும். ஒறைங்கள அந்தத் தட்டுங்க மேல விரிச்சிப் போட்டா ஒரே நாள்ல காஞ்சிரும். போடலாமா? டீ மேக்கரக் கேக்கலாம்னா, அவரு கல்யாணத்துக்கு கினிகத்தேன போயிட்டாரு. நீ காகிதமெல்லாம் படிக்கிறவன், சொல்லு."

காகிதம் படித்திருந்தேன். முந்தின வருடம் மாடியில் எண்ணெய் வாடையடிக்கும் புதுச் சாக்குகளை அடுக்கி வைத்ததில் தேயிலை கெட்டுப்போனது என்று கொழும்புத் தரகர் எழுதிய கடிதம் என் கோப்பில் இருந்தது. கொழுந்து பரப்புகிற சாக்குத்துணித் தட்டு வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்து விழும் கொழுந்து அதை இழுத்துக்கொள்ளும். அதைப் படித்தவர்கள் துரை, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீ மேக்கர், நான், மூன்றே பேர்.

"மாடி காலியாத்தானப்பா கெடக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். போடு என்று சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. இப்படி எத்தனையோ முறை எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். நீ தலையாட்டிவிட்டுப் போனாய். எனக்குள் ஏதோ லேசானது போல் இருந்தது. அன்று மத்தியானச் சாப்பாடு ருசித்தது.

செவ்வாய்க்கிழமை டீ மேக்கர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். "என்னய்யா இது, செருப்ப ஊறவச்ச தண்ணியாட்டம் இருக்கு" என்று அவர் போட்ட சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. திங்கட்கிழமைக் கொழுந்து முழுவதும் வீண். துரை உன்னைக் கூப்பிட்டார். நான் கோப்பைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன்.

"யார் ஒனக்கு மாடியில போடச் சொன்னது?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லலீங்க தொரை. நானாத்தான் போட்டேங்க."

பெல்ட்டு வேலையிலிருந்து உன்னை நீக்கி மலைக்கு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களோடு அனுப்பும்படி உத்தரவு. அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் எழுதியது நான். அதில் ஒரு பிழையும் இல்லை. உன் மனைவி ஒரு நாள் வந்து, ஒன்றாகப் படித்தவர்கள்தானே, துரையிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலையாட்களைக் கூட்டும் பெரட்டில் பேர் கூப்பிடும் காலைகளில் நீ கவ்வாத்துக் கத்தியோடு பனியில் நிற்பாய். அப்போதும் எனக்கு நிம்மதி வரவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் நின்றாயே, அந்தப் பெருந்தன்மை எனக்கு வாய்க்கவில்லையே என்று அதன்மீதும் பொறாமைப்பட்டேன்.

அதோடு முடிந்ததா? கார் இருக்கை வாடையடித்த தேயிலைக் கதையைத் துரைமார்கள் கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அந்த இருக்கைகளைப் பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் உன் லயத்து வீட்டைத் தேடி வந்தார்கள். நீ தோட்டத்துக் கணக்கை முடித்துப் பேர் வெட்டிக்கொண்டு ஹட்டனில் கடை போட்டாய். நோட்டன் பிரிட்ஜிலிருந்தெல்லாம் உனக்குக் கார் வந்தது. நான் தள்ளிவிட்ட பள்ளத்தில் நீ வழி கண்டுபிடித்துவிட்டாய். எனக்கு அதே மேசை, அதே கோப்பு.

ஒருமுறை உன் கடைக்கு வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். என்ன சொல்வது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியும் வைத்திருந்தேன். நீ ஒரு தோலின் மறுமுனையை என்னிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னாய். "புடி ஏம்ப்பா இப்புடி நழுவுது?" என்று கேட்டாய். குளிர் என்றேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "தைரியமா குடி. இதுல ஒரு வாடையும் இல்ல" என்று சிரித்தாய்.

அது வெறும் பழைய கதையைச் சொன்ன சிரிப்பா, எல்லாம் தெரிந்த சிரிப்பா? பத்து வருடமாக அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தெரியாதென்றால், என்னை நம்பியே இறந்துபோனாய். தெரியுமென்றால், தெரிந்துகொண்டே எனக்குத் தேநீர் கொடுத்தாய். எப்படி எடுத்தாலும் நீ எனக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கிறாய். அந்தத் தாளை மடித்தபடியே பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். உன் சாவு வீட்டுக்கு வந்தேன். மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவோட பழைய கூட்டாளி" என்று வந்தவர்களுக்குச் சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பொறாமை குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. அதோடுதான் இருக்கிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை ஜன்னலில் நீ கேட்டது இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறது. கேட்டவன் இல்லை, பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது.

போடாதப்பா. தட்டுல வாடை ஏறிரும். கொழுந்து கெட்டுப்போகும். ஒன் பேரும் கெட்டுப்போகும். ரெண்டு நாள் பொறு, மழை விடட்டும்.