உப்பல் ஷெட்டில் மாற்றிய தூண்

2011 ஜூலை 12, செவ்வாய்

கார் வந்துவிட்டது. லாரி இடித்து நசுங்கிய இடமே தெரியாத அளவுக்கு உப்பல் ஷெட் மேஸ்திரி பளபளவென்று கொடுத்திருக்கிறார். அதுதான் உறுத்துகிறது.

இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கும் தூண் சாதாரண இரும்பு இல்லை. பக்கவாட்டில் இடித்தால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் உயர்வலிமை எஃகு. அதை கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சித் தட்டினால் நேராக நிற்கும், பலம் போய்விடும். ஆபீசில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் கார்களை மோதவிட்டுப் பார்ப்பவன் நான். அதனால்தான் புதுத் தூணே போடச் சொன்னேன்.

"பழைய தூண் எங்கே, மேஸ்திரி?"

பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டானாம். "டென்ஷன் நக்கோ சாப்," கவலையே வேண்டாம் என்று தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளேயும் புதுப் பெயின்ட். யாரும் பார்க்காத இடத்துக்கு எதற்கு இத்தனை நேர்த்தி? கருகியதை மறைக்கவா?

சாயங்காலம் மகள் மீனு முன்சீட்டில் ஏறி, வழக்கம்போல் அந்தத் தூணில் தலை சாய்த்தாள். பின்னால் உட்காரச் சொன்னேன். "கைக்கு, அப்பா?" என்றாள்; 'எதுக்கு' என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் கற்ற இந்தி. பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"இவ்ளோ சந்தேகம்னா வித்துத் தொலைங்க," என்கிறாள் மனைவி சுதா.

விற்கலாம். இருக்கிற பளபளப்புக்கு உடனே போய்விடும். வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு குழந்தை முன்சீட்டுக்குத்தான் அடம்பிடிக்கும்.