கொலுப்பெட்டியில் குழந்தை இயேசு

அனுப்புநர்
மர்சலின் பிரகாசம்,
கணித ஆசிரியை,
முதல் மாடி, ஸ்ரீ வசந்தா அடுக்ககம்,
மந்தைவெளி, சென்னை.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள் (சட்டம் ஒழுங்கு),
மந்தைவெளிப் பகுதி,
சென்னை.

பொருள்: எங்கள் அடுக்ககத்தின் பொதுக் கிறிஸ்துமஸ் மரத்தடியிலிருந்து எடுக்கப்பட்டு, சங்கத் தலைவியின் வீட்டுப் பரணில் பூட்டி வைக்கப்பட்டுள்ள பாலன் இயேசு சுரூபத்தை 24ஆம் தேதி இரவுக்குள் மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பண்டிகைக் கூட்டத்தையும் மழையையும் சமாளித்துக்கொண்டிருக்கும் தங்களுக்கு ஒரு பொம்மைக்காக மனு எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

1. எங்கள் அடுக்ககத்தில் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். ஆண்டுதோறும் பால்கனியில் ஒரு காகித நட்சத்திரம் கட்டுவோம், வீட்டுக்குள் குடில் வைப்போம், எல்லா வீட்டுக்கும் கேக் கொடுப்போம். அத்தோடு பண்டிகை முடியும். இந்த ஆண்டு 'ஹாலிடே சீசன்' பொதுவாகக் கொண்டாடப்பட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானித்தது. கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் செயலாளர் திரு. பாலகணேஷ், தம் அலுவலகத்தில் மரம் வைத்திருப்பதைப் பார்த்து, நாம் மட்டும் பின்தங்கலாமா என்று கேட்டாராம். உடனே ஒரு குழு அமைந்தது. அதில் நான் இல்லை. காரணம் கேட்டதற்கு, "உங்களுக்கு அது பண்டிகை டைம் மேடம், பிஸியா இருப்பீங்க" என்றார். அவருடைய கரிசனத்துக்கு நன்றி கூறி வந்துவிட்டேன்.

2. பாண்டிபஜாரிலிருந்து மரம் வந்தது. பனிக்காக மருந்துக் கடையிலிருந்து பஞ்சு வந்தது. அந்த வாரம் சாரல் அடித்ததால் பனி நனைந்து கெட்டியாகி, கபாலி (எங்கள் காவலாளி) அதைக் கொடியில் காயப்போட்டு மறுபடி தூவினார். மரத்துக்கு மாவிலைத் தோரணமும் மல்லிகைச் சரமும் சாத்தப்பட்டன. கிறிஸ்துமஸ் தாத்தாவின் நெற்றியில் யாரோ சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். விருந்தாளியாக வந்தவருக்குச் செய்யும் மரியாதை என்பதால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

3. சங்கத் தலைவி திருமதி சண்முகவடிவு அவர்கள், கணவர் கனகராஜுடன் தி. நகரில் நகைக்கடை நடத்துகிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டு நவராத்திரிக் கொலுவைப் பார்க்க ஆழ்வார்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வரும். கடந்த 14ஆம் தேதி என் வீட்டுக்கு வந்து, "மரம் மட்டும் நின்னா மொட்டையா இருக்கும்மா. உங்க குடில் பொம்மையத் தாங்க, நான் ஜோடிச்சுத் தாரேன்" என்று கேட்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று சொன்னேன்: 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடியும்வரை தொழுவத்துத் தீவனத் தொட்டி காலியாக இருக்க வேண்டும், பிள்ளை அப்போதுதான் பிறக்கும், பாலன் சுரூபம் பெட்டியின் அடியில் துணி சுற்றி இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். தலையாட்டினார்.

4. அம்மையாருக்குத் தெரிந்த ஜோடனை ஒன்றுதான். மறுநாள் மரத்தின் முன்னால் ஒன்பது படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, தம் கொலுப் பொம்மைகளையும் இறக்கி அடுக்கியிருந்தார். மூன்று ராஜாக்கள், ராஜாக்கள் என்ற தகுதியில், தசாவதாரத்துக்கு அடுத்த படியில் இருந்தார்கள். மாதா, லட்சுமி சரஸ்வதியோடு. சூசையப்பர் தச்சர் என்பதால் மளிகைக் கடைச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஆடுகள் கிரிக்கெட் அணிக்கு நடுவில் மேய்ந்தன. கடைசிப் படியில் தொழுவத்தை மாடும் கழுதையும் மட்டும் பார்த்துக்கொண்டன. தினமும் மாலையில் சுண்டல் கொடுத்தார்கள். கொலுவுக்கு வந்தவர்களைப் பாடச் சொல்வது முறையாம், என்னையும் விடவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினேன், பெண்கள் தொடையில் தாளம் போட்டார்கள். புறப்படும்போது வெற்றிலை பாக்கு, தேங்காயோடு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தார்கள். பிறந்தது முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறேன், யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

5. கடந்த சனிக்கிழமை மாலை, அலுவலக நண்பர்களுக்கு மரத்தைக் காட்ட வந்த திரு. பாலகணேஷ், தீவனத் தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்து, ஒரு பொம்மை விட்டுப்போயிற்று என்று நினைத்து, மரத்துக்குப் பின்னால் இருந்த என் குடில் பெட்டியைத் துழாவிப் பாலனை எடுத்து அதில் படுக்க வைத்துவிட்டார். இங்கேதான் வினை ஆரம்பித்தது. கொலுவின் கடைசி இரவில் ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அப்படிச் செய்துவிட்டால் கொலு முடிந்தது, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும். ஞாயிறு விடியற்காலை மார்கழிக் கோலம் போட இறங்கி வந்த அம்மையார், பொம்மை படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். "உங்க வீட்டுப் பொம்மை, நீங்கதான் முறையாப் படுக்க வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்" என்கிறார். ஆரத்தி எடுத்து, என் சுரூபங்களையும் தம் பொம்மைகளையும் சேர்த்துத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, பூட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். நான் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது மரம் மட்டும் தனியாக நின்று மினுக்கிக்கொண்டிருந்தது.

6. பெட்டியைத் திறக்கச் சொன்னேன். புரட்டாசி அமாவாசைக்கு முன்னால் திறக்கக் கூடாதாம், வீட்டுக்கு ஆகாதாம். அப்படியானால் டிசம்பரில் எப்படித் திறந்தீர்கள் என்றேன். மரத்துக்காகத் திறந்ததே தோஷம் என்றும், அதற்காக நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தியாகிவிட்டது என்றும், மறுபடியும் போய் நின்றால் அவரே முகம் சுளிப்பார் என்றும் பதில் வந்தது. அமாவாசைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. மாதா பத்து மாதம் காத்திருந்தது பிள்ளை பிறப்பதற்கு முன்பு. பிறந்த பிறகும் காத்திருக்கச் சொன்னது ஸ்ரீ வசந்தா அடுக்ககம்தான்.

7. அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டார்கள். பதிலுக்கு ஆலிலைக் கிருஷ்ணன் பொம்மை ஒன்றைத் தருவதாகவும், அளவு சரியாக இருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். திரு. பாலகணேஷ் தம் கைப்பேசியில் தேடி, பத்து நிமிடத்தில் புதுப் பாலன் வரும், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார். இரண்டாவது பாலனை நான் எங்கே வைப்பேன் என்று யாரும் யோசிக்கவில்லை. எதிலும் சமாதானம் தேடும் என் கணவர் பிரகாசம் கிருஷ்ணன் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

8. சுரூபத்தின் அடையாளம்: ஒரு சாண் நீளம். வலது காலில் கட்டைவிரல் கிடையாது. என் மகள் கரோல் பல் முளைக்கும் பருவத்தில் அதைக் கடித்து விழுங்கிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பூசை முடிந்து வந்ததும் வீட்டிலேயே சின்னவர்தான் பாலனைத் தொட்டியில் வைக்க வேண்டும். அவளுக்குப் பின் யாரும் பிறக்காததால், வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகும் கரோலே வைத்துவந்தாள். இந்த ஆண்டு அவளுக்கே ஒரு பெண் குழந்தை. 24ஆம் தேதி காலை கோவையிலிருந்து வருகிறார்கள். கால்விரல் இல்லாத அந்தப் பாலனை, இப்போதுதான் பல் முளைக்கும் என் பேத்தியின் கையில் கொடுத்து, கீழே மரத்தடியில், ரவிக்கைத் துணி கொடுத்த எல்லோர் முன்னிலையிலும் வைக்கச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடையில் வாங்கும் எந்தப் பொம்மையும் எனக்கு வேண்டாம்.

9. "கொயந்த காணோம்னு எய்திக் குடும்மா, ஜீப்பு தானா வரும்" என்று கபாலி யோசனை சொன்னார். பொய் எழுத மனம் வரவில்லை. வழக்குப் பதியவும் வேண்டாம். எனக்குக் கோபம் உண்டு. ஆனால் போன ஆண்டு நான் டெங்குவில் படுத்திருந்தபோது வேளை தவறாமல் ரசம் கொடுத்தனுப்பியவர் இதே சண்முகவடிவு அம்மையார். இந்த மனுவை எழுதச் சொன்னதும் அவரேதான். "நானாத் திறந்தா தோஷம். போலீஸ் வந்து தொறன்னு சொன்னா அது கவர்மெண்ட் காரியம், எம்மேல ஒட்டாது" என்கிறார்.

ஆகவே, பெண் காவலர் ஒருவரை அனுப்பி, அம்மையாரின் வாசலில் நின்று, பெட்டியைத் திறக்கும்படி ஒரு வார்த்தை சொல்லச் செய்யுமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அந்த நேரம் மட்டும் வேண்டாம் என்பது எதிர்மனுதாரரின் வேண்டுகோள்.

இடம்: மந்தைவெளி
நாள்: 22.12.2025

இப்படிக்கு,
மர்சலின் பிரகாசம்
(மனுதாரர்)

சாட்சி: சண்முகவடிவு கனகராஜ் (எதிர்மனுதாரர்)

மேலே எழுதியிருப்பதெல்லாம் வாஸ்தவம். ஏணி எடுத்துப் பரணுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். சீக்கிரம் ஆள் அனுப்புங்கள் சார், பெட்டிக்குள்ளே பிள்ளைக்கு மூச்சு முட்டும். – ச.வ.