கயிறு இழுத்த கை

என் செல்ல விஜி அக்காவுக்கு,

கோட்டூர்புரத்தில் வெயில் ஏறிவிட்டது. நூலகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள் மறுபடியும் நம் கரும்பு ஜூஸ் வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். ஆமாம் அக்கா, வண்டி ஓடுகிறது. தி. நகர் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு நான்தான் நிற்கிறேன். இஞ்சி தூக்கலாக இருக்கிறது என்கிறார்கள். நீ எவ்வளவு போடுவாய்? கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

மார்கழியில் ஒரு காலை, வண்டிப் பக்கத்திலேயே நீ சாய்ந்தாய். மாரடைப்பு என்றார்கள். அதன்பின் வண்டி மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. உன்னைக் கட்டிய மாமா ஆட்டோ எடுக்கப் போகும்போது அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். மாசி பிறந்ததும் நான்தான் தார்ப்பாயைப் பிரித்து, கரும்பு பிழியும் என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் உறுமிவிட்டு அடங்கியது. மழைக்காலத்திலிருந்து உன்னைப் படுத்திய அதே பாடு. தினமும் காலையில் இதோடு எப்படி மல்லுக்கட்டினாய்?

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா, ஸ்பேனரை எடுத்து வந்து உட்கார்ந்தார். பிளக்கைக் கழற்றி, என்ஜின் உடம்போடு ஒட்ட வைத்து, என்னைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். பொறி நன்றாகவே வந்தது. ஆனால் அவ்வளவு இழுத்தும் பிளக் நுனி காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் பெட்ரோல் உள்ளே போகவில்லை என்றார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும் பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்து மழை உள்ளே இறங்கியிருக்கிறது. டேங்கைக் கழுவி, பெட்ரோல் வரும் பொடித் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, புது ரப்பர் போட்டார். அடுத்து நான் இழுத்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

அது ஓடிக்கொண்டே இருந்தது. மாமா தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"இம்மாந்துண்டு வேலை, சாந்தி. நாளைக்குப் பாக்கறேன், நாளைக்குப் பாக்கறேன்னு சொல்லிக்கினே இருந்தேன். கயிறு இழுத்து இழுத்துதான் அவ போய்ட்டா."

நீ போவதற்கு முன் உனக்கிருந்த தோள்வலியையும் நாமெல்லாரும் கயிற்றால் வந்தது என்றுதானே நினைத்தோம்? நீயும் அப்படித்தான் சொன்னாய். தைலம் வாங்கி வந்தது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்துவிட்டதும் நான். கயிறு இழுக்கிற வலிதான், போய்விடும் என்று சொன்னதும் நான்தான்.

வண்டியில் நிற்கத் தொடங்கிய சில நாளில் எனக்கும் தோள் வலித்தது. தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டவள் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு வலித்தது வலது தோள். கயிற்றை வலது கையால்தான் இழுக்கிறேன். நீயும் அப்படித்தான் இழுப்பாய். ஆனால் உனக்கு நான் தேய்த்துவிட்டது இடது தோள். தோளிலிருந்து முழங்கை வரை, இடது பக்கம். மாரடைப்பு வலி இறங்குகிற பக்கம். மாமா அந்த என்ஜினை அப்போதே சரிசெய்திருந்தால், கயிற்றின் மேல் பழிபோட வழியில்லாமல் டாக்டரிடம் போயிருப்போமோ?

மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் என் வலது கையைப் பார்த்தார்.

"அப்போ கயிறு இல்ல. நாமதான் பாக்கல," என்றார்.

அவர் பாரம் குறையவில்லை. எனக்கும்தான்.

போன வாரம், மதியம் சாப்பிட்டுவிட்டு வண்டிப் பக்கம் வந்த மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றார். கேட்டதற்கு கேஸ் என்றார். ஜூஸுக்குக் கூட்டம் நின்ற நேரம். நான் என்ஜினை நிறுத்தி, எல்லாரையும் போகச் சொல்லிவிட்டு, வேறொரு ஆட்டோவில் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சவாரி போச்சு, வியாபாரம் போச்சு என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மா, "வெறும் கேஸ்தான். ஆனா வந்து பாத்துக்கிட்டது நல்லது," என்றார்.

வெளியே வந்ததும் மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரி வரிசையில் உன்னைக் கூட்டிப்போய் நிற்கவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்ததைத்தான் அவரும் நினைத்திருப்பார்.

இனி நம் வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும், அது எதனால் என்று நான் சொல்லமாட்டேன் அக்கா. போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் கூட்டிப்போவேன். திட்டினாலும் கூட்டிப்போவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி