காட்டுக்குள் போன கரவான்

இக்காஸ்ட், ஜூன் 1986

அன்புள்ள மனைவிக்கு,

சனிக்கிழமை, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஹென்னிங் என்னையும் அறைத்தோழன் குலேந்திரனையும் தன் கரவான் என்கிற வீட்டுவண்டியில் காட்டுக்குள் ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். விடுமுறை என்றார். விடுமுறைக்கு யாராவது காட்டுக்குள் போவார்களா? வழி முழுதும் திருப்பங்களை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அங்கே சீருடை போட்ட ஒருவன் வந்து, என்னைப் பார்த்தபடியே ஹென்னிங்கிடம் ஏதோ கேட்டு எழுதினான். நான் மரங்களுக்குள் ஓடிவிட்டேன்.

குலேந்திரன்தான் தேடி வந்தான். "அண்ணை, அவன் இந்த இடத்துக் காவலாளி. எத்தினை பேர் தங்கிறியள் எண்டு கேட்டவன், அவ்வளவுதான். வாங்கோ, மீன் ஆறுது."

ஹென்னிங் தட்டை நீட்டினார். இன்னும் அவரை முழுதாக நம்ப மனம் வரவில்லை.

தம்பியை இராணுவம் வாகனத்தில் ஏற்றிக் காட்டுப்பக்கம் கொண்டுபோனதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர். பிறகு ஏதும் அறிந்தீரா? மறைக்காமல் எழுதும்.

உமது கணவன்