அம்மா உக்காந்த பக்கத்து ஸ்பிரிங்

வடக்கு மருதங்குடி,
வழி கீழ்வேளூர்.
மாசி 9, 1974.

அன்பு மகன் துரைராசுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்க நானும் ஒங்கம்மாவும் மாடு ரெண்டும் சொகம், என் முழங்கால் மட்டும் சொகமில்ல, அதுக்கு நீதான் பொறுப்பு. அங்க நீயும் மருமக அம்சமும் அந்தக் குளுருல எப்புடி இருக்கீங்கன்னு எழுது. ஒன் கடுதாசி மூணும் வந்துச்சு. மூணுலயும் பெத்தவங்கள விசாரிச்சது மூணு வரி, ஷாக் அப்சார்பர் படம் மூணு பக்கம். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புல ஒன்ன மெக்கானிக்கா வச்சிருக்காங்களா வாத்தியாரா வச்சிருக்காங்களா? நான் மூணாங்கிளாசோட நின்னவன், மொத நாளு அந்தப் படத்தத் தலகீழா புடிச்சுக்கிட்டு ஏதோ பால் கறக்குற செம்புன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

நடந்தத வரிசையா சொல்றேன் கேளு. பிடாரித்திடல் ஆறு மா பண்ணை நெலம் ஒங்கம்மாவுக்கு அவ அப்பன் விட்டுட்டுப் போன குத்தகைச் சாகுபடின்னு ஒனக்குத் தெரியும். மெட்ராஸ்ல சட்டம் போட்டாச்சு, குத்தகைக்காரன் பேரப் பதிஞ்சுக்கன்னு விவசாய சங்கத்துல சொல்லி அவ பேருல மனுவும் எழுதிக் குடுத்தாங்க. பண்ணைக் காரியக்காரரு சும்மா இருப்பாரா, அந்தப் பொம்பள திடல்ல காலே வச்சதில்ல, பண்ணையே நேரா சாகுபடி பண்ணுதுன்னு எதிர்மனு போட்டுட்டாரு. விசாரணை கீழ்வேளூர்ல ஆபீசரு வந்து உக்காருற கேம்ப்புல, காலம்பற பத்து மணிக்கு. கார்த்திகை வெள்ளத்துல பாலம் போனதுலேருந்து பஸ்ஸு கெடையாது. மொத தடவ நீ லீவுல விட்டுட்டுப் போன மோட்டார் சைக்கிள்ள அவள ஏத்திக்கிட்டுக் கெளம்புனேன், வாய்க்கா மதகு வளைவுல அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வண்டி தண்ணியில, என் முழங்கால் போனது அப்பத்தான். ரெண்டாந்தடவ மாட்டுவண்டியில போனோம், போறதுக்குள்ள பேரக் கூப்புட்டு முடிச்சுட்டாங்க. மூணாந்தடவயும் ஆளு வரலன்னா மனு தள்ளுபடின்னு ஆபீசரு சொல்லிட்டாரு. இவ என்னடான்னா நடந்தாலும் நடப்பேனே ஒழிய ஒங்க மகன் வண்டியில ஏறமாட்டேங்குறா. பதினாலு மைலு! வர்ற பங்குனி வரைக்கும் நடக்கலாம்னேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

அப்பத்தான் ஒனக்கு எழுதுனேன். நீ என்ன எழுதுன, பின்னாடி ஆளு ஏறுனா பின்சக்கர ஸ்பிரிங்க ஒரு கட்டை, அதான் ஒரு படி, ஏத்தி இறுக்கி வையின்னு. ஒங்கம்மா சேலை கட்டிக்கிட்டு எடதுபக்கமா காலத் தொங்கப் போட்டுத்தான உக்காருறா, பாரம் அந்தப் பக்கம் தான? அதனால எடது ஸ்பிரிங்க மட்டும் கடைசிக் கட்டைக்கு ஏத்திட்டு வலத அப்புடியே விட்டுட்டேன். முன்சக்கரத்தத் தாங்குற ரெண்டு கொழாயிலயும் எண்ணெய மாத்துன்னு எழுதியிருந்த, என்ன எண்ணெய்னு கொட்டை எழுத்துல போட்டா என்னடா? பம்புசெட்டுக்கு ஊத்துறத ஊத்திட்டேன். வண்டி நண்டு மாதிரி போச்சு. பின்பக்கம் ஒரு திக்குல இழுக்க, முன்பக்கம் கடப்பாரை மாதிரி வெறைச்சுக்கிட்டு நிக்க, சின்ன கல்லு கெடந்தாலும் என் பல்லு ஆடுச்சு. மிச்சம் இருக்குறதே பதினோரு பல்லு.

கீழ்வேளூர் மெக்கானிக் ஜெய்னுலாபுதீன் பாய்கிட்ட மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். அவரு பாத்துட்டு, ஏன் பெரியவரே, ஒங்களுக்கு ஒரு காலு வலிச்சா ஒரு காலுக்கு மட்டுமா ஒசரமா செருப்பு போட்டு நடப்பீங்கன்னு கேட்டாரு. கடையில இருந்த அத்தன பேரும் சிரிச்சானுவ. அவரு ரெண்டு ஸ்பிரிங்கையும் ஒரே கட்டையில வச்சு, எண்ணெய வடிச்சு, மருந்து குடிக்கிற கிளாசுல அளந்து அளந்து புதுசா ஊத்துனாரு. வண்டி இப்ப சரி பெரியவரே, இனிமே கோளாறு இருந்தா அது ஓட்டுறவருகிட்டன்னும் சேத்துச் சொன்னாரு.

அந்த மனுசன் சொன்னதும் நெசந்தான். களத்துல போர் அடிச்சு முடிஞ்சு காலியா கெடந்துச்சு, மரக்கால் நாலக் கவுத்து வச்சு நீ எழுதுன மாதிரி மெதுவா சுத்திச் சுத்தி வந்தேன். எட்டு நாளு. பள்ளத்தப் பாக்காத, போற எடத்தப் பாருன்னு எழுதியிருந்தியே, அது ஒண்ணுதான் ஒன் கடுதாசியில உருப்படியான வரி. எனக்கு மாடு பூட்டுன பழக்கம், மாட்டுக் கழுத்தையும் வண்டித்தடத்தையும் பாத்துக்கிட்டே போறவன், மதகுப் பள்ளத்தையே பாத்துக்கிட்டுப் போனா அங்கதான போவேன். முன் பிரேக்க வெடுக்குன்னு புடிக்காம அமுக்கவும் பழகிட்டேன். ஆனா அரை மூட்டை நெல்ல எடதுபக்கம் கட்டிக்கிட்டு ஓட்டிப் பாத்தா வளைவுல இன்னும் இழுக்குது. களத்து ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்த ஒங்கம்மா, மூட்டைய ஒரு பக்கமா கட்டுனா இழுக்காம என்ன செய்யும்னா. நீ மட்டும் எப்புடி உக்காருறேன்னேன். நான் உக்காந்திருக்குறதையும் மூட்டையையும் மாறி மாறிப் பாத்துட்டு வீட்டுக்கு நடந்துட்டா.

விசாரணையன்னிக்குக் காலையில நடவுக்கு எறங்குற மாதிரி சேலைய முழங்கால் வரைக்கும் வரிஞ்சு சொருவிக்கிட்டு வந்து, ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஆம்பள மாதிரி ஏறி உக்காந்துட்டா. தெருவே பாத்துச்சு. ஏய் ஊரு சிரிக்குதுடின்னேன், சேத்துல நிக்கயில சிரிக்காத ஊரா இப்ப சிரிக்குது, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்கன்னுட்டா. மதகு வளைவுல வண்டி பூவா திரும்புச்சுடா. எனக்கே நம்ப முடியல.

ஒம்பதே முக்காலுக்குப் போயிட்டோம். பேரக் கூப்புட்டதும் பதட்டத்துல சேலைய எறக்கி விட மறந்து அப்புடியே உள்ள போயிட்டா. காரியக்காரருக்கு எளக்காரம் தாங்கல, வருசா வருசம் திடல்ல நிக்கிற கோலத்துலயே ஆபீசுக்கும் வந்துருச்சு பாருங்க ஐயான்னு பல்லக் காட்டுனாரு. ஒங்கம்மா விட்டாளா, கேட்டுக்குங்க ஐயா, வருசா வருசம் நான் திடல்ல நிக்கிறேன்னு அவரு வாயாலயே சொல்றாருன்னா. ஆபீசரு தலையத் தூக்கி, ஏன்யா, இந்தம்மா காலே வச்சதில்லன்னு நீர்தான எழுதிக் குடுத்தீருன்னாரு. காரியக்காரரு தொண்டையக் கனைச்சாரு, கனைச்சாரு, கனைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நாலு எல்லையும், தண்ணி பாயுற வாமடையும், உப்புப் பூத்த மூலையும் ஒங்கம்மா ஒப்பிச்சா. பேரு ஏறிடுச்சுடா. காளியம்மாள், சாகுபடி குத்தகைதாரர். பெருவிரல வச்சுட்டு வந்து மைய என் சட்டையில தொடச்சா.

திரும்பி வரயிலதான் எனக்குச் சனியன் புடிச்சுது. ஒன் கடுதாசிய நான் படிக்கப் படிக்கக் கேட்டுக்கிட்டுக் கெடந்தவ, அத்தனையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா. பார்வையத் தூக்குங்க, முன் பிரேக்க அமுக்குங்க, வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைங்கன்னு பதினாலு மைலும் முதுகுல குத்திக்கிட்டே வந்தா. இனிமே புத்தி சொல்றதா இருந்தா நேரா அவளுக்கே எழுது, எனக்கு ரெண்டு தடவ கேக்கத் தெம்பு இல்ல.

நீயும் அம்சமும் நோய்நொடி இல்லாம, மூணு பேரா ஆகி நல்லா இருக்கணும்னு ரெண்டு பேரும் கும்புட்டுக்குறோம். சித்திரையில லீவு கெடச்சா வா, திடலுக்கு வண்டியிலேயே கூட்டிக்கிட்டுப் போறேன், ஆனா பின் சீட்டு ஒனக்குக் கெடைக்குமான்னு மொதலாளிகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்.

இப்படிக்கு,
குத்தகைதாரர் காளியம்மாளின் டிரைவர்,
ஒன் அப்பன் மருதையன்.