பாதி டம்ளர் சர்க்கரைத் தண்ணீர்

அனுப்புநர்:
அம்சவல்லி (வயது 34),
க/பெ. கருப்பன்,
நெல்லிவாசல்நாடு, ஜவ்வாது மலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: எனது குடல் பரிசோதனையை மறுபடி நடத்தவும், மருத்துவச் சீட்டில் உள்ள பொய்க் குறிப்பை நீக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு இரண்டு வருடமாக ரத்தசோகை. ரத்த அளவு 6.4-ஐத் தாண்டவில்லை. சாமைக் கொல்லையில் நாலு வரிசை களை எடுத்தால் கண் இருட்டுகிறது. இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. மலம் கருப்பாகப் போவதே சாட்சி. ஆனாலும் மலை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், “இன்னாம்மா, மாத்திரைய ஆட்டுக்குப் போட்டுட்டு வர்றியா?” என்றுதான் கேட்கிறார்கள்.

2. புதிதாக வந்த டாக்டரம்மா ஒருவர் மட்டும் என்னை நம்பினார். மாத்திரை உள்ளே போனாலும் குடல் சத்தை உறிஞ்சாமல் இருக்கலாம் என்றார். அதை அறிய, வெறும் வயிற்றில் ஒரு வகைச் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்து, ஐந்து மணி நேரச் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். குடல் உறிஞ்சிய சர்க்கரை அதில் தெரியுமாம். இதற்காகக் கடந்த மாதம் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

3. நான் போன அதே ஜீப்பில், அதே பரிசோதனைக்கு, பக்கத்து ஊர் அருணாவும் பட்டினியாக வந்தார். எனக்கு ஒரு டம்ளர் கரைத்துக் கொடுத்த ஆய்வக ஊழியர், சர்க்கரை தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்று அவரிடம் சொல்லிவிட்டார். அருணா பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். நான் பாதி குடித்துவிட்டு மீதியை அவருக்குக் கொடுத்தேன். பக்கத்தில் ஒருத்தி பட்டினியாக இருக்கும்போது தனியாகக் குடித்து எங்களுக்குப் பழக்கமில்லை. பாதி குடித்தால் பரிசோதனையே தப்பாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

4. சிறுநீரைக் கொடுக்கும்போது நடந்ததை நானே சொன்னேன். ஊழியர் சிறுநீரைக் கீழே கொட்டிவிட்டு, ‘ஒத்துழைக்காதவர், மாத்திரையும் சாப்பிடுவதில்லை’ என்று சீட்டில் எழுதினார். டாக்டரம்மாவும் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது யாரிடம் சீட்டை நீட்டினாலும் அந்த வரியைப் படிக்கிறார்கள், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

5. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தானாக வந்து உண்மையைச் சொன்னவளா மாத்திரை விஷயத்தில் பொய் சொல்வாள்? எனக்கு ஆத்திரமாக இருக்கிறது ஐயா. தண்ணீரைப் பகிர்ந்ததற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆகவே, அந்த வரியை அடித்து, எனக்கும் அருணாவுக்கும் ஒரே நாளில் பரிசோதனை செய்ய உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு டம்ளர் வைக்கச் சொல்லுங்கள், என்னுடையதை ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறேன். ஒரு டம்ளர்தான் இருக்கிறது என்றால், மறுபடியும் பாதிதான் குடிப்பேன்.

இடம்: நெல்லிவாசல்நாடு
நாள்: 11.08.2025

இப்படிக்கு,
உண்மையைச் சொன்ன மனுதாரர்,
க. அம்சவல்லி