ஃபிரிட்ஜ்ல ஒட்டின எழுநூத்தி இருபது

நர்ஸம்மா,

டியூட்டி முடிஞ்சு வந்ததும் முதல்ல சாப்பிடு. சோறு குக்கர்ல இருக்கு, முட்டை வேக வெச்சிருக்கேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். நான் தேர்வு எழுதக் கிளம்பிட்டேன், அங்க போனை உள்ள விடமாட்டாங்க, கூப்பிடாத.

நேத்து தேர்வை நெனச்சா பயமா இருக்குன்னு சொன்னப்ப, "எண்ணூறுக்கு எழுநூத்தி இருபது வாங்கின மனுஷனுக்கு என்ன பயம்?"னு சிரிச்சே. நான் வள்ளுன்னு விழுந்தேன். தப்பு உன் மேல இல்ல.

அந்த மார்க் வந்தது கம்ப்யூட்டர்ல எழுதின பயிற்சித் தேர்வுல. அதை நான் போன வருஷமே ஒரு தடவை எழுதியிருக்கேன். இந்தத் தடவையும் அதே கேள்விகள்தான்னு மூணாவது கேள்வியிலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா நிறுத்தல. ஞாபகத்துல இருந்த விடைகளைத் தட்டிக்கிட்டே போனேன். மார்க் வந்தப்ப நீ பின்னாடி நின்னுட்டிருந்தே. நீ துள்ளிக் குதிச்சதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வாய் வரல. மறுநாளே பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டே, உங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டே.

இதுக்கு முன்னாடி எழுதின நிஜத் தேர்வுல ரெண்டு தடவையும் ஐநூத்தி எண்பதுதான். ஃபைனான்ஸ் மேற்படிப்புக்கு அது எந்த மூலைக்கு? இன்னைக்கும் அதுதான் வரும். ராத்திரி பகலா முட்டி மோதிப் பார்த்துட்டேன், எனக்கு அவ்வளவுதான் வருது.

வெளிய போனா சாவியைக் கீழ் வீட்டு டெய்லர்கிட்ட குடுத்துட்டுப் போ.

பி.கு.: வீட்டுல வேற தாள் இல்லாம இதுல எழுதல. திருப்பிப் பாரு, ஃபிரிட்ஜ்ல இருந்த அதே மார்க் தாள்தான். மறுபடி ஒட்டுறதா இருந்தா, இந்தப் பக்கம் தெரியற மாதிரி ஒட்டு.